மாலையா, மீன்குழம்பா?

ராயப்பன் அத்தான்! நீங்கள் இதைப் படிக்கப் போவதில்லை என்று எனக்குத் தெரியும். உயிரோடு இருந்தபோதே எதையும் படிக்க மாட்டீர்கள். "நீ படிச்சிட்டு விஷயத்தை மட்டும் சொல்லுலே" என்பீர்கள். நானோ ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். இவ்வளவு நீளமாக எழுதுவது இதுதான் முதல் தடவை. தப்பு இருந்தால் நீங்கள்தான் பொறுப்பு.

இனி மற்றவர்களுக்குச் சொல்கிறேன். ராயப்பன் என் அக்கா புருஷன். தூத்துக்குடிப் பக்கம் கடற்கரை ஊர் எங்களுக்கு. அத்தான் அபுதாபியில் ஒரு வில்லாவில் டிரைவராக இருந்தார். வில்லாவிலேயே டிரைவருக்கு அறை உண்டு. ஆனால் நம்ம ஆட்கள் குறட்டை விடாத இடத்தில் அவருக்குத் தூக்கம் வராது. அதனால் அபுதாபி ஓரத்து முசஃபாவில், கராஜுகளுக்கு நடுவே, நம்மூர்க்காரர்களோடு ஒரு ரூமில்தான் தங்கியிருந்தார்.

வெளிநாட்டுக்குப் பிழைக்க வந்த எங்களுக்கெல்லாம் ஒரு வியாதி உண்டு. யாரைப் பார்த்தாலும் 'இவர் நமக்கு மேலேயா, கீழேயா' என்று மனசுக்குள் அளந்துவிடுவோம். செருப்பைப் பார்ப்போம், வாட்ச்சைப் பார்ப்போம், பெட்டியைப் பார்ப்போம். அத்தானுக்கு அந்த வியாதி முற்றிய நிலை. "ஒரு ஆளைப் பாத்த ஒடனே அவன் ஊர்ல ஓட்டு வீடா, மாடி வீடான்னு சொல்லிருவேன்லே" என்பார். சொல்லவும் செய்வார். சரியாக இருக்காது, அது வேறு விஷயம்.

நான் விசிட் விசாவில் வந்திருந்தேன். அது முடியப்போகிற நேரம். ஊருக்குத் திரும்பினால் கடல்தான். (நான் மீனவன் மகன். ஆனால் வள்ளத்தில் ஏறினால் வாந்தி எடுப்பேன். எங்கள் ஊரில் இதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. அப்பா என்னைக் கரையிலேயே வலை பிரிக்க உட்கார வைத்துவிட்டு, கேட்பவர்களிடம் "அவனுக்குக் காய்ச்சல்" என்பார். எனக்கு வருஷக்கணக்கில் காய்ச்சல்.)

அத்தான் தன் முதலாளியிடம் எனக்காகப் பேசினார். முதலாளி அமெரிக்கர். அவருடைய மனைவி ஹோண்டுராஸ் என்ற நாட்டுக்காரர். நாங்கள் அவர்களை சார், மேடம் என்போம். மேடத்தை அத்தானுக்கு முசஃபா மாதா கோயிலில் பூசையில் வைத்துப் பழக்கம். அவர்களுக்கு அப்போதுதான் குழந்தை பிறந்திருந்தது. ஞானஸ்நானத்துக்கு இரண்டு பக்கத்துத் தாத்தா பாட்டிகளும் வருகிறார்கள். "அந்த வாரம் உன் மச்சினன் உதவிக்கு வரட்டும். வேலை பிடித்திருந்தால் விசா எடுத்துத் தருகிறேன்" என்று சார் சொல்லிவிட்டார். தோட்டத்துக்கும் வீட்டுக்கும் அவருக்கு ஆள் தேவைப்பட்டது.

அந்த வாரம் நல்லபடியாகப் போக வேண்டும். அவ்வளவுதான். போயிருந்தால் நான் ஏன் இதை எழுதுகிறேன்?

நான்கு பேரும் ஒரே விமானத்தில் வந்தார்கள். அமெரிக்காவில் எங்கேயோ சந்தித்துச் சேர்ந்து ஏறியிருந்தார்கள். அன்றைக்குப் பார்த்துக் குழந்தைக்குக் காய்ச்சல் (நிஜக் காய்ச்சல்). சாரால் ஏர்போர்ட்டுக்கு வர முடியவில்லை. அத்தானிடம் சொன்னது இவ்வளவுதான்: நாலு பேரும் பெரிய காரில், லக்கேஜ் எல்லாம் வாடகை வேனில். "போட்டோ அனுப்பட்டுமா?" என்றும் கேட்டார்.

அத்தான் நெஞ்சை நிமிர்த்தி, "நோ நீட் சார். ஐ நோ" என்றார்.

வேன், முசஃபாவில் எங்கள் ரூமுக்குப் பக்கத்துக் கராஜ் வைத்திருக்கும் கான் பாயுடையது; ஓட்டி வந்ததும் அவர்தான். அதில் ஏசி என்று ஒரு பொத்தான் இருக்கும். அமுக்கினால் சத்தம் வரும்.

ஏர்போர்ட்டில் குழந்தையின் பெயரை எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றோம். காத்திருந்த நேரத்தில் அத்தான் எனக்கு உலகப் பொருளாதாரம் நடத்தினார்.

"ஹோண்டுராஸ்ங்கது நம்மள மாதிரி ஏழை நாடுலே. அங்கேயிருந்து அமெரிக்காவுக்குப் பொழைக்கப் போவாவ, நாம இங்க வந்த மாதிரி. இப்ப யோசி. மாப்ள வீடு அமெரிக்கா. பொண்ணு வீடு ஹோண்டுராஸ். ரெண்டு சம்மந்தியையும் ஒரே வண்டியில ஏத்தலாமா?"

"சார் அப்படித்தானே அத்தான் சொன்னாரு?"

"அவருக்கு சம்மந்தி மரியாதை என்ன தெரியும்? நம்மூர்ல மாப்ள வீட்டுக்காரனைப் பொண்ணு வீட்டுக்காரனோட ஒரே வேன்ல ஏத்திப் பாரு, சாயந்தரமே கல்யாணம் நின்னுரும். மாப்ள வீடு காருல. பொண்ணு வீடு வேன்ல. நீ பொண்ணு வீட்டோட போ. கொஞ்சம் லேட்டாவே கூட்டிட்டு வா. மாப்ள வீட்டுக்கு மரியாதை எல்லாம் முடியட்டும்."

ரோஜா மாலை இரண்டு வாங்கி, காரின் டிக்கியில் ஐஸ் பெட்டிக்குள் வைத்திருந்தார்.

அட்டையைப் பார்த்து நான்கு பேர் வந்தார்கள். ஒரு ஜோடி, கல்யாணத்துக்குப் புறப்பட்டதுபோல. அவர் கோட்டு, டை, பளபளக்கிற ஷூ. அந்த அம்மா லேஸ் வைத்த சட்டை, காதில் கழுத்தில் தங்கம். தள்ளுவண்டியில் மலைபோல அட்டைப்பெட்டிகள். இன்னொரு ஜோடி, ஏதோ வயலிலிருந்து நேரே வந்ததுபோல. அவர் முட்டியில் கிழிந்த அரை டவுசர். அந்த அம்மா வெளுத்த பனியன், காலில் ரப்பர் செருப்பு. ஆளுக்கு ஒரு முதுகுப்பை, அவ்வளவுதான். நிறத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாமே என்பீர்கள். கோட்டுக்காரர் வெளுப்பு. டவுசர்க்காரர் வெயிலில் வெந்து எங்கள் அப்பா கலரில் இருந்தார்.

"காது மூளியா இருக்குலே அந்தம்மாவுக்கு. ஒரு கம்மல் கூட இல்ல, பாவம்" என்று அத்தான் கிசுகிசுத்தார். "பேத்திக்குக் கொண்டுவர ஒரு பெட்டிச் சாமானுக்குக் கூட வழியில்ல போல."

டவுசர்க்காரர் அத்தானின் கையைப் பிடித்துக் குலுக்கி ஏதோ நிறையப் பேசினார். வாயில் முறுக்கை அடக்கிக்கொண்டு பேசுவதுபோல் இருந்தது. அத்தான் "எஸ் எஸ்" என்று தலையாட்டிவிட்டு என் பக்கம் திரும்பி, "இது இங்கிலீஷே இல்லலே" என்றார்.

கோட்டுக்காரர் அடுத்து முன்னால் வந்தார். "குட் மார்னிங். தேங்க் யூ வெரி மச், சார்" என்றார். ஒவ்வொரு சொல்லும் இஸ்திரி போட்டது மாதிரி.

"கேட்டியா? அமெரிக்கா!"

எனக்கு ஒரே ஒரு உறுத்தல். அந்த அட்டைப்பெட்டிகளை நைலான் கயிறால் குறுக்கும் நெடுக்கும் கட்டி, நாலு பக்கமும் மார்க்கரில் கொட்டை எழுத்தில் பேர் எழுதியிருந்தது. அத்தான் லீவில் ஊருக்கு வரும்போது எங்கள் வீட்டு முற்றத்தில் வந்து இறங்குகிற பெட்டியேதான்.

"அத்தான், பெட்டியப் பாத்தா நம்ம ஆளுவ மாதிரி..."

"வாய மூடுலே. விசா வேணுமா வேண்டாமா?"

வாயை மூடினேன்.

கோட்டுக்காரருக்கும் அவர் மனைவிக்கும் அத்தான் கார் கதவைத் திறந்து, குனிந்து, தண்ணீர் பாட்டில் கொடுத்து உட்கார வைத்தார். அவர்கள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு பூசையில் இருப்பதுபோல அசையாமல் இருந்தார்கள். டவுசர்க்காரர் வேனைக் கண்டதும் தாமாகவே ஓடிப்போய் அட்டைப்பெட்டிகளை ஏற்றினார். 'உழைத்த உடம்பு' என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அவரும் அவர் மனைவியும் ஏறிக்கொள்ள, வேன் புறப்பட்டுக் கொஞ்ச தூரத்திலேயே பொத்தானின் சத்தமும் நின்றது. அந்த அம்மாவின் முகம் தக்காளி போலச் சிவந்தது. லேட்டாக வரவேண்டும் என்பது உத்தரவு. வெயிலில் எங்கே நிறுத்துவது?

"பாய், ரூமுக்குப் போவோமா? பாவம், சாப்பிட்டாங்களோ என்னவோ" என்று எனக்குத் தெரிந்த இந்தியில், கையால் சோறு அள்ளிக் காட்டிக் கேட்டேன்.

"யல்லா!" என்றார் கான் பாய், போவோம் என்று. அவருக்கும் பசி.

அப்படித்தான் நான் என் முதலாளியின் அப்பா அம்மாவை முசஃபாவுக்குக் கடத்திக்கொண்டு போனேன்.

அன்று லீவு நாள். ரூமில் அத்தான் காலையிலேயே சீலா மீன் குழம்பு வைத்துவிட்டு வந்திருந்தார். தரையில் பேப்பர் விரித்து உட்கார வைத்தேன். டவுசர்க்காரர் சம்மணம் போட முடியாமல் இரண்டு காலையும் நீட்டிக்கொண்டு, கையாலேயே பிசைந்து சாப்பிட்டார். காரத்தில் மூக்கு ஒழுகியது. துடைத்துவிட்டு மறுபடி தட்டை நீட்டினார். 'எத்தனை நாள் பட்டினியோ' என்று அத்தானுக்காக வைத்திருந்த தலைத்துண்டையும் போட்டுவிட்டேன். அந்த அம்மா சாப்பிட்டதும் அத்தானின் கட்டிலில் சாய்ந்து, கொடியில் தொங்கிய அத்தானின் கைலிக்குக் கீழே நன்றாகத் தூங்கிப்போனார்.

டவுசர்க்காரர் வெளியே போய்ப் பார்த்தார். கான் பாய் வேனைத் திட்டிக்கொண்டிருந்தார். சற்று நேரத்தில் இருவரும் சேர்ந்து வேனின் முன்பக்கத்தைக் கழற்றித் தரையில் பரப்பிவிட்டார்கள். ஒருவர் உருது, ஒருவர் முறுக்கு இங்கிலீஷ். ஸ்பேனரை மட்டும் சரியாகக் கைமாற்றிக்கொண்டார்கள். என் போன் அந்த வேனுக்குள்ளேதான் சார்ஜில் கிடந்தது. கராஜ் சத்தத்தில் அது எத்தனை தடவை அடித்ததோ.

இந்த நேரத்தில் வில்லாவில் நடந்தது இது (அத்தான் பிறகு சொன்னது, அதனால் பாதி கழித்துக்கொள்ளுங்கள்). வாசலில் காரை நிறுத்தி, கோட்டுக்காரருக்கும் அவர் மனைவிக்கும் ரோஜா மாலை போட்டு, சார் முன்னால் குனிந்து, "யுவர் ஃபாதர், சார்! யுவர் மதர்!" என்றிருக்கிறார்.

சார் மாலையைப் பார்த்தார். மாலைக்குள் இருந்த தன் மாமனாரைப் பார்த்தார். காருக்குள் எட்டிப் பார்த்தார்.

"என் அப்பா எங்கே?"

அத்தான் வாழ்நாளில் முதல் தடவையாக "ஐ டோன்ட் நோ" என்றார்.

ஒருவழியாகக் கான் பாய் என் போனைக் கிரீஸ் கையோடு கொண்டுவந்தார். எடுத்தேன்.

"ஏலே! அந்த டவுசரு எங்கலே?"

"இங்கதான் அத்தான். வேனுக்கு அடியில படுத்திருக்காரு."

"ஐயோ! வண்டி ஏறிட்டா?"

"இல்ல அத்தான். ரிப்பேர் பாக்காரு."



"அவருதான்லே சாருக்க அப்பா."

"அப்ப அந்தம்மா?"

"அம்மா! எங்கலே அவிய?"

"ஒங்க கட்டில்ல தூங்குதாவ."

அத்தான் போனை வைக்கவில்லை. "மாதாவே, மாதாவே" என்று மட்டும் கேட்டது. எனக்குக் கண்முன்னே வள்ளமும் அலையும் வந்தன. ஓடிப்போய் அந்த அம்மாவை எழுப்பினேன்.

வில்லாவுக்குப் போய்ச் சேர்ந்தபோது சார் வாசலில் நின்றார். முகம் அந்த அம்மாவின் தக்காளியைவிடச் சிவப்பு. டவுசர்க்காரர் இறங்கி, கிரீஸ் கையைத் தூக்கிக் காட்டி, சிரித்துக்கொண்டே என்னென்னவோ சொன்னார். சார் சிரிக்கவில்லை. எங்களைப் பார்த்து "கலாஸ்" என்றார். அந்த ஒரு சொல் மட்டும் எனக்குப் புரிந்தது. முடிந்தது, அவ்வளவுதான், கிளம்பு என்று எல்லா அர்த்தமும் அதற்குள் இருக்கும்.

அப்போது மேடம் குழந்தையோடு வெளியே வந்தார். சத்தம் போடவில்லை. அத்தானிடம் மெதுவாகக் கேட்டார்.

"ராயப்பன், என் அப்பா அம்மாவை ஏன் பெரிய காரில் ஏற்றினீர்கள்?"

"சாரோட அப்பா அம்மான்னு நெனச்சேன், மேடம்."

"என் அப்பா அம்மா என்று தெரிந்திருந்தால்?"

 அத்தான் தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.  அவருடைய வாழ்க்கையில் இதைவிடக் கஷ்டமான கேள்வியை யாரும் கேட்டதில்லை. யோசித்துப் பார்த்தால், அவரும் ஒரு பொண்ணைப் பெற்றவர். நாளைக்குத் தானும் ஒரு பொண்ணு வீட்டுக்காரர்.

மேடம் திரும்பித் தன் அப்பாவிடம் அவர்கள் பாஷையில் எல்லாவற்றையும் சொன்னார். மாலை கழுத்திலேயே இருக்க, கோட்டுக்காரர் கேட்டுக்கொண்டே நின்றார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். மேடம் அதைச் சாருக்கு இங்கிலீஷில் சொன்னார். சார் தலையைக் குனிந்துகொண்டார். அத்தான் எனக்குத் தமிழில் சொன்னார்.

கோட்டுக்காரர் அமெரிக்காவில் வருஷக்கணக்கில் கூரை வேலை பார்த்தவராம். விடிகாலையில் இதே மாதிரி ஒரு வேனின் பின்னால், சாமானோடு சாமானாக உட்கார்ந்து சைட்டுக்குப் போவாராம். மேடத்தைப் படிக்க வைத்தது அந்தக் கூரைகள்தான். "எனக்காக ஒருத்தர் கார் கதவைத் திறந்துவிட்டது இன்றைக்குத்தான். தப்பாகத் திறந்தாலும் திறந்தது திறந்ததுதான். இவரை எதுவும் சொல்லாதீர்கள்" என்றாராம்.

டவுசர்க்காரர் அத்தனை நேரமும் கிரீஸ் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு சம்மந்தியிடம் சொன்னார் (மேடமும் அத்தானும் மாற்றி மாற்றிச் சொல்லித்தான் எனக்குப் புரிந்தது): "என் வீட்டுக் கூரையும் உங்கள் ஊர் ஆட்கள்தான் போட்டார்கள். தண்ணீர் கொடுத்தேன். பேர் கேட்கவில்லை."

 கோட்டுக்காரர் கிட்டே வந்தார். சம்மந்தியின் சட்டையை மோந்து பார்த்துவிட்டு மேடத்திடம் என்னவோ கேட்டார். மேடம் பொத்துக்கொண்டு சிரித்தார்.

"எங்க அப்பா கேட்கிறார், ராயப்பன். இவருக்கு மீன்குழம்பு, எனக்கு வெறும் பூவா?"

ஞானஸ்நானம் முடிந்த அடுத்த லீவு நாளில் நால்வரும் முசஃபாவுக்கு வந்தார்கள். எல்லாரும் ஒரே வண்டியில். கோட்டுக்காரர் கோட்டோடுதான் வந்தார். ("ஒருத்தர் வீட்டுக்குச் சாப்பிடப் போகிறேன், டவுசரிலா போவேன்?" என்றாராம், சம்மந்தியைப் பார்த்துக்கொண்டே.) மேடம் அவர்கள் பாஷையை இங்கிலீஷாக்க, அத்தான் இங்கிலீஷைத் தமிழாக்க, என்னிடம் வந்து சேரும்போது பேச்சு மூன்றாம் தடவை கொதித்த டீத்தூள் மாதிரி இருந்தது. ஆனாலும் புரிந்தது. கோட்டுக்காரர் ஊரில் பாதி ஆண்கள் அமெரிக்காவிலாம். ஊரெல்லாம் அவர்கள் அனுப்பிக் கட்டிய வீடுகள், மேல்மாடி முடியாமல் கம்பி நீட்டிக்கொண்டு நிற்குமாம். ஆஸ்பத்திரிக் கட்டடம் இருக்கும், மருந்து இருக்காதாம். டவுசர்க்காரர் ஊரில் எல்லாம் உண்டு, பிள்ளைகள்தான் இல்லையாம். படித்தவர்கள் எல்லாம் நகரத்துக்குப் போய்விட, பள்ளிக்கூடத்தையே பூட்டிவிட்டார்களாம். பெரிய வீட்டில் இவரும் மனைவியும் ஒரு நாயும். பேச ஆளில்லாமல் பழைய டிராக்டரைக் கழற்றிக் கழற்றி மாட்டுவாராம்.

அத்தான் மீன் முள்ளை எடுத்துவிட்டு மறுபடி உலகப் பொருளாதாரத்துக்குத் திரும்பினார்.

"ஒண்ணுமில்லலே. இவிய ஊர்ல ரோடு இருக்கு, நடக்க ஆளில்ல. அவிய ஊர்ல ஆளிருக்கு, ரோடு இல்ல. நம்ம ஊர்ல ரெண்டும் இருக்கு. நாமதான் இல்ல."

இதை மட்டும் இங்கிலீஷில் சொல்ல அவருக்கு வரவில்லை.

எனக்கு விசா வந்தது. சார் கையெழுத்துப் போடும்போது, "இவனை ஏர்போர்ட்டுக்கு மட்டும் அனுப்பக் கூடாது" என்றார். இன்று வரை அனுப்பியதில்லை. வில்லாவுக்கு யார் விருந்தாளி வந்தாலும் மேடம் சமையலறையை எட்டிப் பார்த்து, "மாலையா, மீன்குழம்பா?" என்று கேட்பார். ஊரிலும் அப்படித்தான். சம்மந்தம் பேச யாராவது வந்தால் அக்கா கதவுக்குப் பின்னாலிருந்து இதையே கேட்டுச் சிரிப்பாள். சிரிப்பாள் என்று எழுதிவிட்டேன். இப்போது கொஞ்ச நாளாகக் கேட்பதில்லை.

அத்தான் இந்த வருஷம் இறந்துபோனார். டூட்டிக்குக் கிளம்ப, கைலியும் கிழிந்த பனியனுமாகச் சட்டையை எடுக்கும்போது நெஞ்சு வலிக்கிறது என்று அந்தக் கட்டிலிலேயே உட்கார்ந்தார். அவ்வளவுதான். கான் பாய்தான் முதலில் ஓடி வந்தார். ஹோண்டுராஸில் கோட்டுக்காரர் தன் ஊர்க் கோயிலில் அத்தானுக்குப் பூசை வைத்து, பேரைக் கஷ்டப்பட்டு உச்சரிக்கிற சாமியாரின் வீடியோவை அனுப்பினார். டவுசர்க்காரர் போன் பண்ணினார். நிறையப் பேசினார். அத்தான் இல்லாமல் எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. நான் "எஸ் எஸ்" என்று அழுதேன்.

அத்தான், உங்களை ஊருக்குக் கொண்டுபோனது நான்தான். லக்கேஜ் இறக்குகிற பக்கமாகத்தான் உங்களைத் தந்தார்கள். உங்கள் பெட்டி மேலேயும் மார்க்கரில் கொட்டை எழுத்தில் பேர் எழுதியிருந்தது. ஆனால் ஏர்போர்ட்டிலிருந்து வீடு வரை பெரிய வண்டி, அத்தான். ஏசி நன்றாக வேலை செய்தது. கதவை நானேதான் திறந்தேன்.

படிக்கிற எல்லாரையும் கேட்டுக்கொள்கிறேன். எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களாக இருந்தாலும் சரி, எங்கள் ராயப்பன் அத்தானுக்காக ஒரு நிமிஷம் ஜெபம் பண்ணுங்கள். அவர் ஆளைத் தப்பாக அளப்பாரே தவிர, வந்த யாரையும் பட்டினியாக அனுப்பியதில்லை. அங்கே, மோட்ச வாசலில், அவரைக் கூட்டிப்போக வருகிறவர்கள் கைலியையும் கிழிந்த பனியனையும் பார்த்துவிட்டு வேனில் ஏற்றிவிடப் போகிறார்கள். பெரிய காரில், முன் சீட்டில் உட்கார வைக்கச் சொல்லி ஜெபம் பண்ணுங்கள்.